மலையாளம் தெரிந்த எலுமிச்சை

எலுமிச்சை இலையை விரல் நடுவில் வைத்துக் கசக்கி முகர்ந்திருக்கிறீர்களா? காயே இல்லாத மரத்திலிருந்து எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் அந்த வாசம்தான்…

எழுபதுகளில், பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊடு. கிணற்றடியில் அம்மா ஒரு எலுமிச்சை வைத்திருந்தாள். அரிசி கழுவிய தண்ணீர், ஆட்டுப் புழுக்கை, கண்ணு படாமலிருக்க ஒரு பிய்ந்த செருப்பு என்று உபசாரத்துக்குக் குறைவில்லை. மரம் முள்ளை மட்டும் வளர்த்துக்கொண்டு ராசாவாட்டம் நின்றது. அம்மாவோ சந்தையில் எலுமிச்சம்பழம் வாங்கி, யார் கண்ணிலும் படாமல் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவருவாள்.

அப்பாவுக்கு அந்த இடத்தில் மாடு கட்ட ஒரு கட்டுத்தரை போட ஆசை. "வெட்டிப் போடலாம்" என்று ஒருநாள் வாயை விட்டார். அவ்வளவுதான், அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வரும், குழம்பு வரும், பேச்சு வராது. "அம்மிணி, உங்கப்பனுக்கு மோர் வேணுமான்னு கேளு…" நடுவில் நான்தான் தபால்.

கடைசியில் அப்பாதான் இறங்கி வந்தார். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. காய்க்காத மரத்தின் முன்னால் ஒருவர் கோடாலியோடு நின்று மிரட்ட வேண்டும். இன்னொருவர், "விடுங்க, வர்ற வருசம் காய்ச்சுப்போடும்" என்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். பயந்துபோய்க் காய்க்குமாம். கெஞ்ச ஆளில்லை என்றால் வெட்டித்தான் தீர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா கோடாலியை ஓங்கினார். "வெட்டட்டுமா?"

துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை.

"வெட்டிப்போடுவன்…"

தொப், தொப் என்று துணிச் சத்தம்தான் பதில். கோடாலியை வெட்டாமல் இறக்கினால் அப்பாவின் மானம் போகும், வெட்டினால் மரம் போகும். சின்னப் பிள்ளை கெஞ்சினால் செல்லாதாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு டீச்சர் ஓடிவந்தார். திருச்சூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த புதுசு. எங்கள் வழக்கமெல்லாம் அவருக்கு என்ன தெரியும்? முள்ளைக்கூடப் பார்க்காமல் மரத்தைக் கட்டிக்கொண்டார்.

"வெட்டல்லே சேட்டா. பாவம். அது காய்க்கும்."

அம்மா துணியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள் பாருங்கள்…

"ஏனுங்க, நம்ம மரத்துக்கு மலையாளம் தெரியுங்களா?"

"உனக்குப் பேசத் தெரியுதே, அது போதும்" என்று அப்பா கோடாலியை இறக்கினார்.

அடுத்த மழைக்கு மரம் பூத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கிளை தாங்காத காய்ப்பு. முதல் பழம் டீச்சருக்கு. மீதியை அம்மா முந்தானை நிறையக் கட்டிக்கொண்டு வீதி முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை.

இப்போது கோவையில், என் பால்கனித் தொட்டியில் ஒரு எலுமிச்சை. நர்சரி உரம், யூடியூப் வைத்தியம் எல்லாம் ஆயிற்று… ஒரு பூவைக் காணோம். மிரட்ட அப்பாவும் இல்லை. போன வாரம் நானே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வெட்டட்டுமாம்மா?"

எண்பதைத் தொடும் அம்மா யோசிக்கவே இல்லை. "வெட்டல்லே சேட்டா. பாவம். அது காய்க்கும்."

"என்னம்மா, மலையாளத்துல?"

"தமிழ்ல சொன்னா அதுக்கு வெளங்காது கண்ணு."