முகமூடிக்கு வெளியே இருந்த தோல்

மலேசியாவுல லிங்கி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். பேரு வேண்டாம். அங்க புல்லு மருந்து அடிக்கிற பொம்பளைங்களுக்கு ரப்பர் முகமூடி வாங்கிக் குடுன்னு யூனியன்ல நாங்க கத்தினது கொஞ்சநஞ்சம் இல்ல. குடுத்தானுங்க. குடுத்ததும் ஒருத்தியும் போடல. மூச்சு முட்டுது, வேர்வை வாயில எறங்குதுன்னு கழுத்துல தொங்க விட்டுக்கிட்டு அடிச்சாங்க. குமுதவல்லி மட்டும் கழட்டவே மாட்டா. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நிக்கிறப்பவும் முகமூடி, லாரி ஏறுறப்பவும் முகமூடி. சோத்துக்கு உக்காந்தா மத்தவங்களுக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவா. கூட்டத்துக்குக் கூட்டம் அவளக் காட்டி, பாத்துக் கத்துக்குங்கன்னு பேசியிருக்கேன்.

அவ மருந்துக்குப் பயந்து போடல. தாடிக்குப் பயந்து போட்டா.

இத எழுதச் சொன்னதே அவதான். அதனாலதான் எழுதுறேன்.

அவளுக்கு இருபத்தஞ்சு வயசுக்கு மேல தாடையில மயிரு மொளைக்க ஆரம்பிச்சிருக்கு. ஹார்மோன் கோளாறுன்னு கிளினிக்ல மாத்திரை குடுத்தாங்க. மயிரு நிக்கல. தினமும் விடியறதுக்கு முன்ன பிளேடு போட்டாலும் மத்தியானத்துக்குள்ள கைக்குத் தட்டுப்படும். இத அறிஞ்ச ஆளு அவ அம்மா மயிலம்மாள் ஒருத்திதான். ஒரு நாள் பெரட்டுல பழம் வெட்டுற மாயாண்டி பக்கத்துல நின்னு மொகத்த உத்துப் பாத்துட்டு, "என்ன குமுதா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பிளேடா வாங்கிரலாமா லா?"ன்னான். வரிசையே சிரிச்சிச்சு. அடுத்த வாரம் முகமூடி வந்துச்சு. அவளுக்கு அது சாமி குடுத்தது. கொரோனா வந்து ஊரே வாய மூடினப்பதான் நிம்மதியா பசாருக்குப் போனேன்னு சொன்னா.

அப்புறம் மருந்தடிக்கிற வேலைய ஒரு புதுக் காண்ட்ராக்டர் எடுத்தான். பொம்பளைங்க எல்லாம் சேந்து, நமக்காகப் பேச குமுதாதான் போகணும்னு முடிவு பண்ணிட்டாங்க. அவளுக்கு வாயும் உண்டு, வெவரமும் உண்டு. ஆனா ஆபீஸ் ரூம்ல ஏர்கான் போட்டு, மேசைக்கு எதிர்ல உக்கார வச்சிப் பேசுவானுங்க. அங்க முகமூடியோட உக்கார முடியாது. ஒரு மயிரு அவன் கண்ணுல பட்டா, பேசறது எதுவும் அவன் காதுல ஏறாதுன்னு அவளுக்குத் தெரியும்.

அதனால போர்ட்டிக்சன் டவுன்ல மயிரு எடுக்குற ஒரு லேசர் கடைக்குப் போனா. அங்க வேல செய்யுற பொண்ணு குளோரியா, லுக்குட் ஊரு தேவதாஸோட மக. தேவதாஸ் நம்ம பழைய தோழர். நடந்தத எல்லாம் பின்னாடி அந்தப் பொண்ணு வாயாலதான் கேட்டேன்.

லேசர் எப்படி மயிரப் போக்குது? நர்சரியில கன்னு வைக்கிற கருப்புப் பிளாஸ்டிக் பை இருக்கே, மத்தியானத்துல அதத் தொட்டா கை சுடும். பக்கத்துல கெடக்கிற வெள்ளை உரச்சாக்கு அவ்வளவு சுடாது. அதே வெயிலுதான். கருப்பு வெளிச்சத்தக் குடிச்சிச் சூடாகும், வெள்ளை திருப்பி அனுப்பிரும். மிஷினு பண்றதும் அதான். ஒரே நெறத்து வெளிச்சத்தக் கண்ணு சிமிட்டுறதுக்குள்ள தோலுக்குள்ள அடிக்குது. மயிர்ல இருக்கிற கருஞ்சாயம் அதக் குடிச்சிக் கொதிக்குது. அந்தச் சூடு வேரச் சுத்திப் பரவி, மயிர மொளைக்க வைக்கிற எடத்தையே வேக வச்சிருது. அதனால நரைச்ச மயிர இது ஒண்ணும் பண்ணாது. கறுப்பு மயிர்லயும் வளந்துக்கிட்டு இருக்கிறதுதான் சாகும். தூங்குற மயிரு தப்பிச்சிக்கும். அதுக்குத்தான் திரும்பத் திரும்ப வரச் சொல்லுவாங்க.

ஆனா அதே சாயந்தான் நம்ம தோல்லயும் இருக்கு. வெளிச்சத்துக்கு மயிரு எது தோலு எதுன்னு பிரிக்கத் தெரியாது. கருப்ப எங்க பாக்குதோ அங்க பாயும். வெயில்ல வேல செஞ்ச தோலுன்னா சாயம் இன்னும் கூட. கருத்த தோலுக்குன்னு நீள அலை மிஷினு தனியா இருக்காம். அந்த வெளிச்சம் மேல்தோலுல அவ்வளவா தங்காம ஆழத்துக்கு எறங்குமாம். அந்தக் கடையில இருந்தது அது இல்ல. வெளுத்த தோலு வாடிக்கைக்காரங்களுக்கு வாங்கினது. பவரக் கொறச்சி வச்சி நம்மாளுங்களுக்கும் அதத்தான் அடிப்பாங்க.

குளோரியா கேக்காம இல்ல. "அக்கா, வெயில்ல வேலையா?"

"வெயில்தாம்மா. ஆனா எப்பவும் முகமூடி போட்டுத்தான் வேல."

பொய் இல்ல. ஆனா மருந்தடிக்கிறவங்க முகமூடிய அந்தப் பொண்ணு கண்ணால கண்டது கெடையாது. அது மூக்கையும் வாயையும் தாடையையும்தான் மூடும். காதோரமும் தாடை எலும்பு ஓரமும் தொறந்துதான் கெடக்கும். குளோரியா முகம் முழுக்க மூடுற ஏதோ ஒண்ணுன்னு நெனச்சிக்கிட்டா.

முதல்ல ஒரு எடத்துல அடிச்சிப் பாக்கணும். தாடைக்கு அடியில அடிச்சா. வருசக்கணக்கா வெயிலே படாத எடம். தழும்பு இல்ல, செவப்பு இல்ல. சரின்னு அந்தத் தோலுக்கு ஏத்த பவர வச்சிக்கிட்டா. ரெண்டு பேரும் பச்சைக் கண்ணாடி மாட்டிக்கிட்டாங்க. அதுக்குள்ள பாத்தா முகம் பூரா ஒரே நெறம்.

தாடையில அடிச்சப்ப ரப்பர் பேண்ட சுண்டி விட்ட மாதிரி இருந்துச்சாம். மயிரு பொசுங்குற வாசம். காதோரம் ஏறினதும் வலி மாறிச்சு. வாசமும் மாறிச்சு. குமுதா கட்டிலப் பிடிச்சிக்கிட்டு பல்லக் கடிச்சா. மயிரு போகணும்னா சுடத்தான் செய்யும்னு நெனச்சிருக்கா.

"கன்னத்தோரம் நெறம் மாறுற கோடு இருந்திச்சு அங்கிள், கண்ணாடி போடுறதுக்கு முன்ன பாத்தேன்," குளோரியா அழுதா. "எல்லாருக்கும் தாடப்பக்கம் கொஞ்சம் வெளுப்பாத்தானே இருக்கும்னு விட்டுட்டேன்."

ரெண்டு கன்னத்தோரமும் அச்சு குத்தின மாதிரி வட்டம் வட்டமா கொப்புளம். அப்புறம் கருகின பொருக்கு. வெயில் படக்கூடாது, பட்டா கருப்பு தங்கிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள மீட்டிங் வந்துருச்சு.

நான்தான் மோட்டார் சைக்கிள்ல கொண்டு போயி விட்டேன். உள்ள காண்ட்ராக்டரும், ஆளுங்கள வேல வாங்குற மண்டோர் திருச்செல்வமும். முகமூடியக் கழட்டுனா. தாடையில ஒரு மயிரு இல்ல. ஆனா ரெண்டு பேரும் கன்னத்தையே பாத்தானுங்க.

"இது என்ன, மருந்து பட்டதா?"ன்னு திருச்செல்வம் கேட்டான்.

ஆமான்னா பொய். இல்லன்னா, பின்ன எதுனாலன்னு கேப்பான். குமுதா அந்தக் கேள்விய விட்டுட்டு வந்த விசயத்துக்குப் போனா. புது முகமூடி, கையுறை, குளிக்கத் தண்ணி, எல்லாத்தையும் வரிசையா கேட்டா. எல்லாத்துக்கும் தலைய ஆட்டினானுங்க.

வெளிய வந்து, நல்லா பேசினேண்ணேன்னு சிரிச்சா. கேட்டதுக்கெல்லாம் தலையாட்டுற மொதலாளிய நான் நெறைய பாத்திருக்கேன்.

மறு வாரமே அவள மருந்தடிக்கிற கும்பல்லேந்து எடுத்துட்டானுங்க. மருந்து ஒனக்கு ஒத்துக்கல, ஒன் நல்லதுக்குத்தான்னு சொல்லி நர்சரிக்கு மாத்தினான் திருச்செல்வம். மருந்து அடிக்காதவ மருந்தடிக்கிறவங்களுக்காகப் பேச முடியாதில்ல. புது முகமூடியும் வரல, கையுறையும் வரல.

உண்மையச் சொல்லித் தொலைன்னு நான் கத்தினேன். மருந்தால வந்த காயம் இல்லன்னு சொன்னா திரும்ப எடுத்தாகணும்.

"சொன்னா மாயாண்டி காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்ண்ணே?"ன்னா. அவ்வளவுதான்.

போன வாரம் நர்சரிக்குப் போனேன். உச்சி வெயில். நெழலே இல்லாத எடம். கருப்புப் பைங்க வரிசை வரிசையா சூட்டக் கக்கிக்கிட்டு இருந்துச்சு. நடுவுல குனிஞ்சி களை புடுங்கிக்கிட்டு இருந்தா. முகத்துல துவாலை சுத்தியிருந்தா. சாகாம தப்பிச்ச மயிரெல்லாம் தாடையில எழுந்திருச்சி, சொரண்டுதுன்னா. அப்பதான் எழுதச் சொன்னா. நாளைக்கோ மறுநாளோ எல்லாரும் பாக்கத்தான் போறாங்க, நீங்க சொல்றதாவது சரியா இருக்கட்டும்ன்னா.

திருச்செல்வம் அந்தப் பக்கமா மோட்டார நிறுத்துனான்.

"மருந்தா அடிக்கிற? துணிய எடு லா. ஆளு யாருன்னு தெரிய வேண்டாமா?"

குமுதா நிமிந்து அவனப் பாத்தா. அப்புறம் கையத் தூக்கி, கழுத்துக்குப் பின்னாடி இருந்த முடிச்சத் தேடினா.