ஆறாவது வாக்கியம்

போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் எனக்கு வேலை. குவாத்தமாலாவிலிருந்து கடிதங்கள் வரும் என்பதால் என்னை ஸ்பானிஷ் படிக்கச் சொன்னார்கள். கம்பத்தில் எங்கள் வீட்டில், காலை ஏழு மணிக்குப் போனில் வீடியோ வகுப்பு. அந்த நாட்டு டீச்சருக்கு அப்போது பொழுது சாய்ந்திருக்கும்.

நடந்ததைச் சொல்ல அந்த மொழியில் இரண்டு விதம். முடிந்துபோனதற்கு ஒன்று. அந்தச் சமயத்தில் இருந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று. முடிந்ததா இல்லையா என்று இந்த இரண்டாவது வாய் திறக்காது. எதை எங்கே போடுவது என்று மண்டை காய்ந்துபோகும் எனக்கு.

போன மாதங்களைப் பற்றி டீச்சர் ஆறு வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருந்தார். மழை பெய்தது, திராட்சை வெடித்தது என்று ஐந்து ஒப்பேற்றிவிட்டேன். ஆறாவதாக, 'என் மார்பில் ஒரு கட்டி இருந்தது.' முடிந்துபோனதற்கு உரிய 'துவே' என்ற சொல்லைத்தான் போட்டேன். வீட்டில் யாருக்கும் அந்த மொழி தெரியாது என்கிற தைரியம்.

கட்டி எங்கே முடிந்தது? மூன்று மாதமாகச் சுண்டைக்காய் அளவில் அங்கேயேதான் இருந்தது. குளிக்கும்போதெல்லாம் விரல் தானாக அங்கே போகும். கூறுகெட்டவள் நான், அவசரமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

டீச்சர் ஐந்தையும் திருத்திவிட்டு ஆறாவதில் நின்றார். "இது சரி. கட்டி எப்போது போனது? அதையும் சொல்லுங்கள்."

ஆபரேஷன் செய்தாயிற்று என்று புளுகியிருக்கலாம். அதற்கான சொல்லும் தெரியும்.

"போகவில்லை" என்றேன்.

"வேறு யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத்தான்."

அவர் நோட்டை மூடிவிட்டார். "என்னால் உங்களுடன் ஆஸ்பத்திரிக்கு வர முடியாதே. வகுப்பு போதும், வீட்டில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்" என்றார். பொல்லாத கோபம் வந்தது எனக்கு. பாடம் நடத்த வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு? போனை அணைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து பின்வாசலுக்குப் போனேன்.

வீட்டுக்காரர் கொல்லையில் திராட்சைக்கு மருந்தாக அடிக்க மயில்துத்தம் கரைத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை நீலம்.

"என்ன புள்ள, டீச்சரம்மா இன்னைக்கு வெரசா விட்டுட்டாகளா?" என்று சிரித்தார்.

"எனக்கு மார்ல கட்டி இருக்குங்க."

சிரிப்பு நின்றது. "எத்தன நாளா?"

"மூணு மாசமா."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். "கெளம்பு, தேனி ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நீலம் போகவில்லை. சட்டையை மாட்டினார், பொத்தான் துளையில் ஏறவில்லை. மறுபடி முயன்றார், அப்போதும் ஏறவில்லை. பாம்பைக் கையால் தூக்கி எறிகிற மனுசர் அவர். அவரைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. நான்தான் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

"மூணு மாசமும் பக்கத்துலதான புள்ள படுத்திருந்தேன்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் என் கையை விடவில்லை.