இரண்டு வீட்டுக்கு ஒரு கதவு

மேடவாக்கம் கிராமமாக இருந்த காலத்தில், ஒரு மீன்காரம்மா தன் வீட்டை இழப்பதற்கு நான் காரணமானேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதைக் காட்டித் தப்பித்துக்கொள்ள மாட்டேன், வேண்டுமென்றேதான் செய்தேன்.

கிராமத்தில் வீடு கட்டுபவர்களுக்கு அரசாங்கம் தவணை தவணையாகக் கடன் கொடுத்தது. வாசலில் கதவு மாட்டியிருப்பதை அதிகாரி வந்து பார்த்தால்தான் கடைசித் தவணை. பள்ளி ஆசிரியரான அப்பாவும், அடுத்த மனையில் மீன்காரம்மாவும் ஒரே சமயத்தில் கட்டினார்கள். அந்தத் தவணையை நம்பி மீன்காரம்மா ஓட்டுக் கடையில் கடன் சொல்லிக் கூரை போட்டுவிட்டார். கதவுக்குக் காசில்லை.

"எங்க கதவையே ஒரு மணி நேரம் மாட்டிக்கோங்க. ரெண்டு நிலையும் ஒரே ஆசாரி செஞ்சது, அளவு சரியா இருக்கும்" என்றார் அப்பா.

மீன்காரம்மாவின் மகனுக்கும் என் வயதுதான். "உங்க கதவு எங்க வூட்டுக்கு வருது. நாய் வந்தா நீதான் காவலு" என்று என்னைச் சீண்டினான். அதிகாரி வரும் நாளன்று, யாரும் பார்க்காதபோது கதவின் உட்புறத்தில் கரியால் என் பெயரை எழுதினேன்.

அதிகாரி எங்கள் வீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அம்மா அவரைக் கொல்லையில் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அதற்குள் அப்பாவும் மாமாவும் கதவைக் கழற்றி ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் போனார்கள்.

அடுத்த வீட்டில் அதிகாரி கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். உள்ளே நின்று என் பெயரைச் சத்தமாகப் படித்தார்.

"யாரும்மா இது?"

மீன்காரம்மா அப்பாவைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதம் வாசிக்கும் அதே குரலில் அப்பா சொன்னார்: "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே, சார்."

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன்.

"வாத்தியார் வீட்டுக் கதவையே தூக்கிட்டியா?" என்றார் அதிகாரி. மீன்காரம்மா வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் எங்கள் தவணையும் போயிருக்கும். மழைக்காலத்துக்குள் வீட்டை ஓட்டுக் கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வருடம் அவர் மகனைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் தேடிக் கண்டுபிடித்தேன். மீன்காரம்மா காலமாகிவிட்டிருந்தார். பேத்தி, வண்டலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அரசுக் கடனில் வீடு வாங்கப் போகிறாளாம். கரியால் எழுதியதை அவனிடம் சொன்னேன். ஜாமீன் கையெழுத்து நான் போடுகிறேன் என்றேன்.

"பேரு எழுதுனது இன்னா சார், பசங்க வேலை. கையெழுத்து அப்பால பாக்கலாம். எங்கம்மா திருடலன்னு என் பொண்ணாண்ட சொல்லு, போதும்."

மகளைக் கூப்பிட்டான். கதவின் ஒரு முனையை என் அப்பாவே தூக்கினார் என்று அவளிடம் சொன்னேன்.

"அன்னைக்கே ஏன் சார் சொல்லல?"

"அப்பா சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு அப்போ புரியலம்மா."

"எப்போ புரிஞ்சுது?"

"காலேஜ் படிக்கும்போது."

அவள் என் நரைத்த தலையைப் பார்த்தாள். பிறகு தன் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"ஜாமீனுக்கு வேற ஆள் பாக்கலாம்பா."