நெட்டையன் திட்டுகிற இடம்

அவரைக்காய்க்கு நார் எடுக்கத் தில்லையம்மாளுக்குக் கண் வேண்டியதில்லை. முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவிலுள்ள கதவு நிலையில் தோளைச் சாய்த்து நிற்பாள். விரல்கள் தம் பாட்டுக்கு நாரை உரித்துக்கொண்டிருக்கும். கண் எதிர்ச்சுவரில் இருக்கும் டிவியை விட்டு நகராது. யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டால் உட்காரமாட்டாள். "நின்னா வேலயும் பாத்த மாதிரி இருக்கும், படமும் பாத்த மாதிரி இருக்கும். உக்காந்தா படம் மட்டுந்தான் பாத்த மாதிரி இருக்கும் பாப்பா" என்பாள்.

சிதம்பரத்தில் கல்லூரிப் பெண்கள் தங்கும் ஒரு விடுதியின் மெஸ் அது. தில்லையம்மாள் அங்கே காய் நறுக்குவதற்கும் பாத்திரத்துக்கும் என்று வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. கடலூர் துறைமுகத்திலிருந்து காலை பாசஞ்சரில் வந்து சாயங்கால வண்டியில் திரும்புவாள். நாற்பத்தெட்டு வயது. எட்டு விரலில் கத்திக் காயத்தின் தழும்பு உண்டு. "மத்த ரெண்டுக்கும் இன்னும் நேரம் வரல" என்று அதையும் கணக்கில் வைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து மேசை துடைத்த பிறகு, பெண்கள் தங்கள் செல்போனை டிவியோடு இணைத்து ஒரு தொடர் போடுவார்கள். தமிழில் குரல் மாற்றிய வெளிநாட்டுத் தொடர். ஏதோ ஒரு நோய் வந்து உலகத்தில் பெரியவர்கள் எல்லாரும் இறந்துபோகிறார்கள். மிஞ்சிய பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரு மலைமேல் இருக்கும் பாழடைந்த பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிப் பிழைக்கிறார்கள். அந்தத் தொடருக்கு இங்கிலீஷில் ஒரு நீளமான பெயர் உண்டு. தில்லையம்மாளுக்கு அது "பள்ளிக்கூடத்துப் படம்". முதல் நாள் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வியில் கூடமே சிரித்தது. "பெரியவங்கல்லாம் செத்துட்டாங்க, சரி. அப்ப சோறு யாரு ஆக்குறது?"

அதற்கப்புறம் அவள் இல்லாமல் அவர்கள் தொடரைப் போடுவதில்லை. படத்தைவிட அவள் பேச்சு நன்றாயிருக்கிறது என்றார்கள். கதையில் வரும் யார் பெயரும் அவள் வாயில் நுழையாது. அவளாகவே பெயர் வைத்துக்கொண்டாள். கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி இருக்கும் உயரமான பையன் நெட்டையன். முதல் வாரத்திலிருந்து ஒரு தகர டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு திரியும் பெண் டப்பாக்காரி. நெட்டையனுக்கும் டப்பாக்காரிக்கும் எப்போது காதல் வரும் என்று பெண்கள் நகம் கடித்துக்கொண்டிருப்பார்கள். தில்லையம்மாளின் கவலைகள் வேறு. "ஊரே அழிஞ்சு மூணு மாசம் ஆவுதுங்குறாங்க. இவ தலையப் பாரு, இப்பத்தான் ஷாம்பு போட்டு வந்த மாதிரி பறக்குது." ஆற்றில் குனிந்து அவர்கள் தண்ணீர் குடித்தால், "காய்ச்சிக் குடிங்கடி, வயித்தால போவும்" என்று டிவியைப் பார்த்துச் சொல்லுவாள். பேய்போன்ற உருவங்கள் வரும் இடத்தில் பெண்கள் கண்ணைப் பொத்தும்போது, அவள் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

விவசாயப் படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கும் இலக்கியாதான் இதையெல்லாம் கடைசி மேசையிலிருந்து செல்போனில் படம் பிடிப்பாள். "மெஸ் அக்கா ரியாக்‌ஷன்" என்று பெயர் கொடுத்து யூடியூபில் போடலாமா என்று முறையாகக் கேட்டுவிட்டுத்தான் போட்டாள். "போடு, எவன் பாக்கப்போறான்" என்றாள் தில்லையம்மாள். எட்டு வாரம் அப்படித்தான் இருந்தது. இலக்கியாவின் தோழிகளும் அவர்களுடைய தோழிகளும் பார்த்தார்கள்.

ஒன்பதாவது வாரம் வந்த பகுதியில் மலைமேல் பனி கொட்டியது. நெட்டையன் உணவு தேடிக் கீழே இறங்கிப் போய் நாலு நாள் ஆகிவிட்டது. எட்டுப் பேரில் இளைய பிள்ளைகள் இருவர் பசியில் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார்கள். டப்பாக்காரி அந்தத் தகர டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் இருப்பது விதை என்று அதுவரை பார்த்தவர்களுக்குத் தெரியும். பனி விட்டதும் பள்ளிக்கூட மைதானத்தைக் கொத்தி விதைப்பது என்று எட்டுப் பேரும் பேசிவைத்திருந்தார்கள்.

தில்லையம்மாளின் விரல்கள் நின்றுவிட்டன. பெண்களுக்கு அதுவே புதிதாக இருந்தது.

"வேணாம்டி" என்றாள் முதலில். டப்பாக்காரி மூடியைத் திறந்தாள். "ஒரு நாள் பொறு. ஒரே ஒரு நாள் பொறுடி. அவன் வந்துருவான்." டப்பாக்காரி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அக்கா இதை முன்னாலேயே பார்த்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் அது விழவில்லை. விதை வெந்தது, பிள்ளைகள் தின்றார்கள், எழுந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் காலை நெட்டையன் முதுகில் ஒரு மாவு மூட்டையோடு வந்து நின்றான்.

"திட்டமாட்டான் பாரு" என்றாள் தில்லையம்மாள். குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணுமே சொல்லமாட்டான். அப்பிடியே வெளிய போயிருவான்."

ஆனால் நெட்டையன் திட்டினான். காலி டப்பாவைச் சுவரில் வீசி எறிந்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் உன்னால் காத்திருக்க முடியவில்லையா என்று தொண்டை கிழியக் கத்தினான். டப்பாக்காரியும் பதிலுக்குக் கத்தினாள். இருவரும் மூச்சு வாங்க நின்று, பிறகு இருவரும் அழுதார்கள். பெண்கள் நெட்டையனைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். பசித்த பிள்ளைகளுக்குக் கொடுத்தவளைப்போய் இப்படியா பேசுவான், இவனுக்காகவா இத்தனை வாரம் காத்திருந்தோம் என்று ஒருத்தி மடியில் வைத்திருந்த தலையணையையே டிவி மேல் எறிந்தாள்.

தில்லையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "திட்டிட்டானா" என்றாள். "நல்ல புள்ள."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எப்படி நல்ல பிள்ளை ஆவான் என்று சண்டைக்கு வந்தார்கள். அவள் முறத்தோடு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

அந்த வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு இலக்கியா கருத்துகளைப் படித்துக் காட்டினாள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிப் படிக்கிறாள் என்பது தில்லையம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. "நடுவுல தாண்டித் தாண்டிப் போறியே, அதையும் படி" என்றாள். சிரித்தவர்கள் இருந்தார்கள். அக்கா அழுதது நடிப்பு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: "புருஷன்கிட்ட திட்டு வாங்கியே பழகிப்போன தலைமுறை, அதான் திட்டுறவன் நல்லவனாத் தெரியிறான். பாவம்." அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"எங்க ஊட்டுக்காரரா? அவுரு வாயத் தொறந்து என்ன ஒரு வார்த்த திட்டுனதில்ல பாப்பா."

"அப்ப நீ லக்கிக்கா" என்றாள் இலக்கியா.

"ஆமாமா" என்று சொல்லிவிட்டுத் தில்லையம்மாள் வெங்காயக் கூடையைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். கண்ணீருக்கு யாரும் காரணம் கேட்காத காய் அது.

கல்யாணமாகி அவள் வாழப்போன ஊர் காடாம்புலியூருக்குப் பக்கம். முந்திரி கொஞ்சம், மல்லாட்டை போட ஒன்றரைக் காணி. நிலக்கடலையை அங்கே மல்லாட்டை என்பார்கள். ‘தானே’ என்ற புயல் அடித்த அந்த மார்கழியில், விதைக்கென்று ஒரு மூட்டை மல்லாட்டையைத் தோலோடு வீட்டு மூலையில் வைத்திருந்தார்கள். புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மூட்டை நனைந்தது. முந்திரி மரங்கள் வழியெல்லாம் விழுந்து, ஊருக்குள் ஒரு சைக்கிள்கூட வர முடியவில்லை. புருஷன் கொளஞ்சியப்பன் மரம் அறுத்து வழி எடுக்கிறவர்களோடு சேர்ந்து போய்விட்டார். வீட்டில் எட்டு வயது மகன். பக்கத்து வீட்டு ராசம்மாளின் பிள்ளைகள் இரண்டு. தெருவில் இன்னும் சில. அரிசி நனைந்து நாற்றமெடுத்துவிட்டது.

முதல் நாள் இரண்டு கை மட்டும்தான் எடுத்தாள். நனைந்தது எப்படியும் அழுகத்தானே போகிறது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லி வேகவைத்தாள். இரண்டாம் நாள் ஒரு சட்டி. மூன்றாம் நாள் தெருப் பிள்ளைகள் எல்லாம் தட்டோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். நாலாம் நாள் மூட்டையைத் தலைகீழாக உதறினாள். ஐந்தாம் நாள் காலை, வழி திறந்து, அரிசி லாரி வந்தது. அதன் பின்னாலேயே கொளஞ்சியப்பனும் நடந்து வந்தார்.

அவர் காலிச் சாக்கைப் பார்த்தார். வாசலெல்லாம் கிடந்த தோலைப் பார்த்தார். பிறகு விளக்குமாற்றை எடுத்துத் தோலைக் கூட்டி அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டுக் கூரையைப் பார்க்கப் போய்விட்டார். ராசம்மாள் தன் வீட்டில் நனைந்த விதைக்காயைத் தார்ப்பாயில் பரப்பி ஒரு வாரம் வெயிலில் காயவைத்தாள். முக்கால்வாசி முளைத்தது. அவள் பிள்ளைகள் தில்லையம்மாள் வேகவைத்ததைத் தின்றுதான் அந்த நாலு நாளும் கிடந்தார்கள் என்பதை ராசம்மாளும் மறக்கவில்லை, தில்லையம்மாளும் மறக்கவில்லை. அந்தத் தையில் விதைக்காய்க்கு ஊரே அலைந்தது. இவர்கள் காணி சும்மா கிடந்தது. அடுத்த வருஷம் குத்தகைக்குப் போனது. அதற்கடுத்த வருஷம் கொளஞ்சியப்பன் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு டிரம் உருட்டுகிற வேலைக்கு வந்தார். பிறகு குடும்பமும் வந்தது.

அதைப் பற்றி ஒரு சொல் அவர் வாயில் வந்ததில்லை. குடித்துவிட்டுக்கூடச் சொன்னதில்லை. தில்லையம்மாள் காத்திருந்தாள். குழம்பில் உப்பு அதிகமானால், மகன் படிப்பை விட்டால், எதிலாவது அந்தப் பேச்சு வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை விற்கிறவர்களைத் தாண்டும்போதெல்லாம் இருவருமே ரோட்டின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். இப்படிப் பதின்மூன்று வருஷம்.

வீடியோ வந்து பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், கொளஞ்சியப்பன் வேலையிலிருந்து வந்து கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். முதல் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், "சார்லஸு போன்ல காட்டுனான்." சார்லஸ் அவரோடு டிரம் உருட்டுகிறவர்.

தில்லையம்மாள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். எதைக் காட்டினான் என்று அவளுக்குத் தெரியும்.

நாலு வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பையன் அவ்ளோ கத்தியிருக்க வேணாம்" என்றார். "பாவம், அந்தப் பொண்ணு என்னா பண்ணும். புள்ளைங்க பசிக்குப் போட்டத யாராச்சும் கேப்பாங்களா?"

அவ்வளவுதான். ஒருவேளை பதின்மூன்று வருஷமாக அவர் மனசில் இருந்தது அதுவேதானோ என்னவோ. அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அப்போதே என்னைத் திட்டியிருக்கலாமே என்று சொல்லியிருக்கலாம். நீ கூட்டி அள்ளின தோல் இன்னும் என் கண்ணில் கிடக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவர் கையும் தட்டில் அசையாமல், எதற்கோ இடம் விட்டதுபோல, சற்று நேரம் இருந்தது. தில்லையம்மாள் வாயைத் திறந்தாள்.

"ரசம் ஊத்தட்டா?" என்று வந்தது.

"ஊத்து" என்றார் அவர்.

தொடரின் கடைசிப் பகுதிக்கு அக்காவைக் கட்டாயம் படம் பிடிக்க வேண்டும் என்று இலக்கியா நின்றாள். லட்சம் பேர் கேட்கிறார்களாம். தில்லையம்மாள் முடியாது என்று சொல்லவில்லை. அந்த ஞாயிறு முறத்தோடு பின்வாசல் படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் உட்கார்ந்து வேலை பார்த்ததை அன்றுதான் பெண்கள் பார்த்தார்கள். நெட்டையனும் டப்பாக்காரியும் கடைசியில் சேர்ந்தார்கள் என்று அவர்கள் ஓடி வந்து சொன்னபோது, "சேரட்டும்" என்றாள்.

அதற்கு முன்னால் இலக்கியாவிடம் ஒரே ஒரு உதவி கேட்டிருந்தாள். ஒன்பதாவது பகுதியைத் தன் செல்போனில் இறக்கித் தரச் சொன்னாள். படத்துக்குக் கீழே இருக்கும் கோட்டை விரலால் பிடித்து, வேண்டிய இடத்துக்கு எப்படி இழுத்து வருவது என்பதையும் கற்றுக்கொண்டாள்.

இப்போதெல்லாம் காலை பாசஞ்சரில் அவள் ஜன்னலோரம் பார்த்து உட்காருகிறாள். காதில் மாட்டுகிற ஒயர் அவளிடம் இல்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் பையிலிருந்து செல்போனை எடுக்கிறாள். கத்திக் காயம் படாத இரண்டு விரல்களில் ஒன்றால் கோட்டைப் பின்னுக்கு இழுத்து, நெட்டையன் திட்டத் தொடங்குகிற இடத்தில் விடுகிறாள். சத்தத்தைக் குறைத்து, யாரோ அவளைக் கூப்பிட்டுப் பேசுவதுபோலச் செல்போனைக் காதில் வைத்துக்கொள்கிறாள். அவன் கத்துகிறான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் உன்னால் காத்திருக்க முடியவில்லையா என்கிறான். ஜன்னலுக்கு வெளியே உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே தில்லையம்மாள் "ம்" என்கிறாள்.