அம்மாவுக்காக நான் சொன்ன பதில்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசும் தமிழ்ப் பிள்ளை கிடையாது என்பது அந்த நாளில் என் அசைக்க முடியாத முடிவு. மன்னாரிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை பிடித்தே அந்தப் பாஷையைப் பிடித்துவிட்டேன். அம்மாவுக்கோ மரக்கறி வாங்குகிற அளவுக்கு எண்கள் தெரியும், அவ்வளவுதான். அதனால் அம்மா கிளினிக்குக்குப் போகவேண்டிய நாளில், புறக்கோட்டையில் மொத்தக்கடை ஒன்றில் வேலை செய்த அப்பாவுக்கு லீவு கிடைக்காமல் போனதும், ஐந்தாம் வகுப்பில் இருந்த என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறித்துத் துணைக்கு அனுப்பினார்கள். துணைக்கு என்று அவர்கள்தான் சொன்னார்கள். நான் உத்தியோகம் கிடைத்தது போலப் புறப்பட்டேன்.

அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். கால்கள் வீங்கி, தன் செருப்பு கொள்ளாமல் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு நாளாகத் தலையிடி வேறு. பிரஷர் பார்த்த நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு எங்களை நேரே டொக்டரிடம் அனுப்பிவிட்டார்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். சாந்தமானவர். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். நான் அம்மாவிடம் திருப்பிக் கேட்டு, பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா நீட்டி முழக்கிச் சொன்னதை எல்லாம் நறுக்கென்று இரண்டு சொல்லில் முடித்தேன். உப்புச் சாப்பாடு உண்டா என்று கேட்டபோது அம்மா, "அப்பிடி ஒண்டும் இல்லை எண்டு சொல்லு பிள்ளை" என்றார். நானோ, தினமும் கருவாட்டுக் குழம்பு என்று உள்ளதை உடைத்துவிட்டேன். டொக்டர் சிரித்து, கெட்டிக்காரப் பிள்ளை என்று சிங்களத்தில் சொல்லி என் கன்னத்தைத் தட்டினார். அந்தத் தட்டுதான் என்னைக் கெடுத்தது.

அடுத்த கேள்வி, இதற்கு முன் எத்தனை பிள்ளைப்பேறு என்பது.

"அம்மா, இதுக்கு முதல் எத்தினை பிள்ளையள் எண்டு கேக்கினம்."

அம்மா மேசையைப் பார்த்தபடி, "மூண்டு" என்றார்.

இது என்ன கூத்து என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் நான், என் தம்பி. வயிற்றில் இருப்பதையும் சேர்த்து எண்ணிவிட்டார் பாவம் என்று நினைத்து, அம்மாவின் பிழையைத் திருத்தி டொக்டரிடம் இரண்டு என்றேன். டொக்டர் கிளினிக் கார்ட்டைப் பார்த்துத் தலையாட்டினார். அப்பா மிட்வைஃபிடம் சொல்லி நிரப்பிய அந்தக் கார்ட்டிலும் இரண்டு என்றே இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது அம்மா எட்டி டொக்டரின் பேனையைப் பிடித்தார். "தெக நெமெய், டொக்டர். துன" என்றார். இரண்டு இல்லை, மூன்று என்று, தேங்காய் எண்ணுகிற சிங்களத்தில். கூடவே மூன்று விரலையும் காட்டினார்.

டொக்டர் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னை வெளியே மரவாங்கில் உட்காரச் சொல்லிவிட்டு, வார்ட்டைக் கூட்டிக்கொண்டிருந்த ஜிந்துப்பிட்டித் தமிழ் அக்கா ஒருவரை உள்ளே கூப்பிட்டார். திரை இழுபட்டது. என் வேலை போய்விட்டது, அதுவும் விளக்குமாறு பிடித்த ஒருவருக்கு! உள்ளே அம்மா அழுதது கேட்டது. பொய் சொன்னதற்கு டொக்டர் ஏசுகிறார்போல, நல்லா வேணும் என்று இருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்றே அம்மாவை வார்ட்டில் மறித்துவிட்டார்கள். முதல் பிள்ளைக்கும் இதே வீக்கம், இதே தலையிடி என்று தெரியாமல் இருந்திருந்தால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்று டொக்டர் பிறகு அப்பாவிடம் சொன்னாராம். நாலு கிழமை வார்ட்டில் வைத்துப் பார்த்துத்தான் தங்கச்சியைக் கையில் தந்தார்கள். அவளுக்கு இப்போது கல்யாணம் பேசுகிறோம்.

அன்று பின்னேரம் பார்வையாளர் நேரத்தில், அப்பா தேத்தண்ணீர் வாங்கப் போன இடைவெளியில், நான் வழக்கைத் தொடங்கினேன்.

"ஏன் டொக்டருக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"பொய் இல்லை பிள்ளை. உனக்கு முதல் ஒரு அண்ணா பிறந்தவன். ஏழாம் மாசத்தில. ரெண்டு நாள் இருந்தவன்."

"அப்ப ஏன் எனக்கு ஒருக்காலும் சொல்லேல்ல?"

"ஆரும் கேக்கேல்லயே" என்றார் அம்மா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான்தானே இண்டைக்குக் கேட்டனான்!"

"ஓம். நீதான் கேட்டனீ" என்று அம்மா என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்தார். நான் விறைத்துக்கொண்டு நின்றேன். டொக்டருக்கு முன்னால் என்னைப் பிழையாக்கிய ஒருவரோடு அவ்வளவு சீக்கிரம் சமாதானமாவதாக இல்லை. அந்தப் பிள்ளையைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிப் பதினொரு வருடமாகிறது என்பதோ, அவ்வளவு காலமும் அம்மா காத்திருந்த கேள்வியை நான் போகிறபோக்கில் கேட்டுவிட்டு, பதிலையும் நானே சொல்லிவிட்டேன் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது.