ஹார்ன் அடித்தால் ஓடுகிறவர்

புஜைராவிலிருந்து மலைக்குள் நாற்பது கிலோமீட்டர் போனால் வருகிற சிற்றூர் அது. ஒரு பள்ளிவாசல், ஒரு லாண்டரி, மதியம் இரண்டு மணிக்கே பூட்டிவிடும் ஒரு கிளினிக், ஒரு குரோசரி. அவ்வளவுதான் வசதி. குரோசரியில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறவர் அறந்தாங்கி ரெங்கராஜ். அங்கே யாரும் காரைவிட்டு இறங்கிச் சாமான் வாங்குவதில்லை. ஹார்ன் அடிப்பார்கள்; இவர் ஓடுவார். சாமானோ டீயோ, கேட்டதைக் கொண்டுவந்து கார் ஜன்னலில் கொடுப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, ரூமில் கூட இருக்கும் மணிமாறன் கடைக்குள் வந்து அரிசி மூட்டைமேல் சரிந்தான். பேரீச்சந்தோட்டத்தில் வேலை செய்கிறவன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“நெஞ்சப் போட்டுப் பிசையுதுண்ணே.”

“வாயுவா இருக்கும்டா. நேத்து நீ தின்ன பரோட்டாவுக்கு ஒட்டகமே படுத்துரும்.”

மணிமாறன் சிரிக்கவில்லை. உதடு நீலம் பூத்திருந்தது.

முந்தின நாள் மழையில் டவர் படுத்துவிட்டது. இரண்டு பேர் போனிலும் சிக்னல் இல்லை. ஊர்க்காரர்கள் எல்லாரும் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ரெங்கராஜ் ஆறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி ஓடிவந்தார்.

வாசலில் ஹார்ன் சத்தம். ஒரு பிக்கப் வண்டி. பாய்ந்து போனார். அவர் வாயைத் திறக்குமுன் பாகிஸ்தான் பட்டாணிய டிரைவர் முந்திக்கொண்டார்.

“பாய், தோ கரக் சாய்! ஜல்தி!”

கால்கள் தாமாகக் கடைக்குள் திரும்பின. டீயைக் கொதிக்கவைத்து, இரண்டு கப்பில் ஊற்றி, மூடியையும் அழுத்தினார். அதன் பிறகுதான் மணிமாறனின் முனகல் காதில் விழுந்தது. கப்புகளைப் போட்டுவிட்டு ஓடினார்.

“பாய்! மேரா பாய் மர் ரஹா ஹை! ஆஸ்பத்திரி!” தம்பி சாகிறான் என்று தெரிந்த இந்தியில் அலறினார்.

“அரே பாகல்!” பைத்தியக்காரா, அதை முதலில் சொல்வதற்கென்ன என்று உருதுவில் கத்தியபடியே டிரைவர் குதித்து வந்து மணிமாறனின் காலைப் பிடித்தார்.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் ஒரு கதவுக்குள் போனது. வலி எப்போது தொடங்கியது என்று நர்ஸ் கேட்டாள். மூன்றரை என்றார். டீ போட்டதைச் சொல்லவில்லை.

கையிலிருந்த மணிமாறனின் போன் அடித்தது. ஊரிலிருந்து அவன் மனைவி உமாராணி.

“நேத்துலேர்ந்து லைனே கெடைக்கல. அவரு எங்கண்ணே?”

“டியூட்டில இருக்கான், தங்கச்சி.”

“வெள்ளிக்கெழமை லீவாச்சேண்ணே?”

“ஓவர்டைம்மா…”

கதவுக்கு உள்ளே யாரோ சத்தமாக எண்ணியபடி நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணிக்கை அவள் காதில் விழாதபடி ரெங்கராஜ் போனை உள்ளங்கையால் இறுகப் பொத்தினார்.