பன்னிரண்டு மணியக்காரர்களும் ஒரு வெள்ளைத் திட்டும்

1. டிரம் சத்தம்

ரோஸ்லி அக்கா அரிசி அளக்கும் படியை டிரம்முக்குள் விடும் சத்தத்தை வைத்தே மாதத்தில் எந்த வாரம் என்று சொல்லிவிடுவேன். முதல் வாரம் சத்தமே வராது. மூன்றாம் வாரம் கரகரக்கும். அந்த மே மாதம் இரண்டாம் வாரத்திலேயே கோயில் மணி மாதிரி ‘டங்’ என்றது.

“கிளார்க்கு சார், கேட்டுச்சா? ஆராதனைக்கு அடிச்ச மணின்னு எந்திரிச்சு நின்னுறாதீக” என்றார் அக்கா.

பசுமலையில் சில சபைகள் சேர்ந்து நடத்திய முதியோர் இல்லம் அது. உள்ளே முப்பத்தெட்டுப் பேர். சமையலுக்கு ரோஸ்லி அக்கா, ஆபீசுக்கு நான். கிளார்க் என்று பெயர். டைப் அடிப்பது, மோட்டார் போடுவது, கட்டில் சண்டை தீர்ப்பது, பெரிய மனிதர்கள் வந்தால் நாற்காலி துடைப்பது எல்லாம் அதில் அடக்கம். இருபத்தாறு வருஷம் துடைத்தேன். நாற்காலி இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. நான்தான் தேய்ந்து போனேன்.

மதுரையையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்த சபைகள் கொடுக்கும் அரிசி, பருப்பில்தான் அடுப்பு எரிந்தது. கொடுப்பதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கொடுக்கும் நேரம்தான் கோளாறு. கிறிஸ்துமஸ் வந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் இரக்கம் பொங்கும். வராந்தா முழுக்க மூட்டை அடுக்குவோம். மார்ச்சில் அதில் வண்டு விழும். மே மாதம் வந்தால் வண்டுக்கே சாப்பாடு இருக்காது.

அந்த மாதம் கமிட்டி கூடி ஒரு முடிவு எடுத்தது. அடுத்த ஒரு வருஷம் சமையல்கட்டு தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் இல்லத்தை மூடிவிட்டு, முப்பத்தெட்டுப் பேரையும் வெவ்வேறு ஊர் இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுவது. பதினோரு வருஷமாக அடுத்தடுத்த கட்டிலில் இருந்துகொண்டு, ஃபேன் வேகத்துக்காகத் தினமும் சண்டை போட்ட இரண்டு பாட்டிகள், செய்தி தெரிந்த அன்று சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

2. ராஜாவின் சமையல்கட்டு

இல்லத்தின் மேனேஜர் தேவசகாயம் ஐயா. இறையியல் மாணவர்களுக்கு இஸ்ரவேல் ராஜாக்களின் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற போதகர். எந்தப் பிரச்சினையானாலும் ஏதாவது ஒரு ராஜாவிடம் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். கழிவறை அடைத்துக்கொண்டபோது எருசலேமில் ஒரு ராஜா வெட்டிய சுரங்க வாய்க்காலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பிளம்பர் கூலி கேட்காமலே போய்விட்டான்.

“ஏப்பா, சாலொமோன் அரண்மனையில தினமும் எத்தன பேருக்குச் சாப்பாடு தெரியுமா?”

“தெரியாதுங்கய்யா. நம்ம இல்லத்துல முப்பத்தெட்டு.”

“அவனுக்கும் இதே பிரச்சினைதான் வந்திருக்கும். அதான் தேசத்தையே பன்னெண்டாப் பிரிச்சான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மணியக்காரன். ஒரு மணியக்காரன் வருஷத்துல ஒரு மாசம் அரண்மனைக்குச் சாப்பாடு போடணும். மத்த பதினோரு மாசம் சேகரிக்கணும். எப்படி?”

பிறகு விளக்கினார். மலைநாட்டுக்கு ஒருவன், சமவெளிக்கு ஒருவன், யோர்தான் நதிக்கு அக்கரையில் சிலர். கோத்திரங்கள் என்ற பழைய குலங்களின் எல்லைகளைச் சில இடங்களில் அப்படியே விட்டார்கள், சில இடங்களில் வெட்டி ஒட்டினார்கள். மணியக்காரர்களில் இரண்டு பேர் ராஜாவுக்கு மாப்பிள்ளைகள். சிலருக்குச் சொந்தப் பெயர்கூட எழுதி வைக்கப்படவில்லை, ‘இன்னாருடைய மகன்’ என்பதோடு சரி. நம்ம ஊர் நியமனங்கள் மாதிரியே இருந்ததால் எனக்கு உடனே புரிந்தது.

“பன்னெண்டு பேருக்கும் மேல ஒரு தலைவன் இருந்தான். இங்க அது நீ” என்றார் ஐயா.

இருபது வருஷ சர்வீசில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய அரசாங்கத்தில் கிடைத்தது. அன்று டீயில் சர்க்கரை கூடப் போடச் சொன்னேன்.

3. க்ரேயான்

பழங்காநத்தத்தில் ஒரு கடையில் பெரிய சார்ட் பேப்பரும் பன்னிரண்டு க்ரேயான் உள்ள டப்பாவும் வாங்கினேன். சாப்பாட்டு மேஜையில் சார்ட்டை விரித்து, இரண்டு நாள் குனிந்தபடி மதுரையைப் பங்கு போட்டேன். மேலூருக்குப் பச்சை. சோழவந்தானுக்கு நீலம். உசிலம்பட்டிக்குச் சிவப்பு. திருமங்கலத்துக்கு ஊதா. அவனியாபுரத்துக்கு ஆரஞ்சு. எல்லைத் தகராறு வரக்கூடிய இடத்தில் பென்சிலால் லேசாகக் கோடு போட்டேன். நிர்வாகத்தில் ரப்பரால் அழிக்கக் கூடிய கோடுதான் நல்ல கோடு என்று அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன்.

பன்னிரண்டு க்ரேயானும் முடிந்தபோது பசுமலை மட்டும் வெள்ளையாக நின்றது.

டப்பாவில் பதிமூன்றாவது நிறம் இல்லை என்பது ஒரு காரணம். இல்லம் இருப்பதே பசுமலையில்தான், அரண்மனை அரண்மனைக்கே வரி கட்டுமா என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டையும் கேட்டவர்களிடம் சொல்ல வைத்திருந்தேன். உண்மையான காரணம், நான் பசுமலைச் சபையைச் சேர்ந்தவன். மேலூருக்குப் போன் போட்டு அதிகாரமாக அரிசி கேட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர் வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது?

வரைபடத்தை ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “அழகா இருக்கு” என்றார். பழைய ராஜ்யங்களை அவ்வளவு உன்னிப்பாகப் படித்தவர், சொந்த ஆபீஸ் சுவரை மேலோட்டமாகத்தான் பார்த்தார்.

4. எட்டு மாதம்

நிறத்துக்கு ஒரு மணியக்காரர், ஒரு மாதம் என்று பிரித்து ஜூனில் ஆரம்பித்தோம். ஓடியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாகவே ஓடியது. மேலூர் மணியக்காரர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே ‘மணியக்காரர்’ என்று அச்சடித்துவிட்டார். உசிலம்பட்டி ஆட்கள் அவர்கள் மாதத்தில் முருங்கைக்காயாகக் கொண்டுவந்து குவித்தார்கள். பல் இல்லாத முப்பது பேருக்கு ஒரு மாதம் முருங்கைக்காய்ச் சாம்பார். ரோஸ்லி அக்கா கரண்டியோடு வந்தார்.

“ஏன் சார், அந்த ராசா அரமனையில தெனமும் ஆடு, மாடு, மானுன்னு ஐயா சொன்னாகளே. நம்ம மணியக்காரரு ஒருத்தருக்குமா மானு மாட்டல?”

அலுப்பாகத்தான் இருந்தது. ஒருவருக்கு நினைவூட்ட வேண்டும், இன்னொருவரைப் புகழ வேண்டும், மூன்றாமவரிடம் முருங்கைக்காய் போதும் என்று நோகாமல் சொல்ல வேண்டும். ஆனால் டிரம் ‘டங்’ என்று சொல்லவில்லை. பாட்டிகள் மறுபடி ஃபேனுக்காகச் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள்.

ஜனவரி, அவனியாபுரத்தின் முறை. அதன் மணியக்காரர் மோசஸ், லேத் பட்டறை வைத்திருப்பவர். பொங்கல் வாரத்தில் ஷேர் ஆட்டோவில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

“அண்ணே, ஊரே மாடு பிடிக்கிற மாசத்துல எங்கள அரிசி பிடிக்க விட்டுட்டீகளே. பட்டறையில ஒருத்தன் இல்ல. எல்லாப் பயலும் வாடிவாசல்ல நிக்கிறான். நாந்தேன் வீடு வீடாப் போனேன். ஒரு வீட்ல காளை முட்ட வந்துருச்சு.”

தண்ணீர் குடித்தபடி சுவரைப் பார்த்தார். லேத் வேலைக்காரர் கண் அது, நூலிழை பிசகினாலும் பிடித்துவிடும்.

“நாங்க ஆரஞ்சாக்கும்?”

“ஆமா.”

“பசுமலை எந்தக் கலருண்ணே?”

“வெள்ளை.”

“வெள்ளைன்னா எந்த மாசம்?”

தயாராக வைத்திருந்த இரண்டு காரணங்களையும் சொன்னேன். க்ரேயானைப் பற்றிச் சொன்னபோதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

மோசஸ் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “நல்லதுண்ணே. நான் வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

5. கல்லெறி

பிப்ரவரி திருமங்கலத்தின் முறை. முதல் வாரம் மூட்டை வரவில்லை. போன் போட்டேன். “பசுமலை குடுத்துருச்சான்னு கேட்டுச் சொல்லுங்க சார், உடனே அனுப்புறோம்” என்றார்கள். அடுத்த மாதத்துக்கான சோழவந்தானும் அதையே சொன்னது. மோசஸ் பதினோரு பேருக்கும் போன் செய்திருக்கிறார். ஒற்றுமையாக இருக்கத் தெரியாத சபைகள் என்று நான் பல கூட்டங்களில் குறை சொல்லியிருக்கிறேன். அந்த வாரம் வாபஸ் வாங்கினேன்.

வியாழக்கிழமை காலை டிரம் ‘டங்’ என்றது. ரோஸ்லி அக்கா படியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். இன்னும் மூன்று நாளைக்குத்தான் அரிசி. விஷயம் கமிட்டிக்குத் தெரிந்தால் இல்லத்துக்குப் பூட்டு.

ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் எழுந்து வந்து வரைபடத்தின் வெள்ளைத் திட்டில் விரலை வைத்தார்.

“நானும் பாக்காம விட்டுட்டேன். அந்தப் பன்னெண்டு பேர் பட்டியல்லயும் யூதா இல்ல, தெரியுமா? ராஜாவோட சொந்தக் கோத்திரம். விட்டுட்டாங்களா, இல்ல அதுக்குத் தனியா ஒரு ஆள் போட்டானான்னு படிச்சவங்க இன்னும் சண்டை போடுறாங்க. ஆனா வடக்க உள்ள சனங்களுக்குச் சந்தேகம் இல்ல. பாரம் எங்களுக்கு, அரண்மனை உங்களுக்கான்னு ராஜா செத்ததும் தனியாப் போயிட்டாங்க. சாலொமோன் நாப்பது வருஷம் ஆண்டு உண்டாக்கின பிளவ நீ எட்டு மாசத்துல முடிச்சிட்டயேப்பா.”

“சமாதானம் பேச ஆள் அனுப்பினாங்களாங்கய்யா?”

“அனுப்பினாங்க. வேலை வாங்குற அதிகாரியத்தான் அனுப்பினாங்க. சனங்க கல்லால அடிச்சே கொன்னுட்டாங்க. சரி, நீ எப்ப அவனியாபுரம் கிளம்புற?”

ஹெல்மெட் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பட்டறைக்குள் போன பிறகும் கழற்றவில்லை.

மோசஸ் லேத்தை நிறுத்தினார். “என்னண்ணே, உள்ளாறயும் மாட்டிக்கிட்டு நிக்கிறீக?”

“கல்லெறிவீங்கன்னு ஐயா சொன்னாரு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். “சிரிக்க வச்சுத் தப்பிச்சிரலாம்னு பாக்காதீக. அரிசி எங்களுக்குப் பெருசில்லண்ணே. எங்க தெருவுல சித்தாள் வேலைக்குப் போற பொம்பள ரெண்டு படி குடுத்துச்சு. அதுகிட்ட, பசுமலையில காரு வச்சிருக்கவுக குடுக்க வேண்டியதில்லன்னு நான் எப்படிப் போய்ச் சொல்லுவேன்?”

ஹெல்மெட்டைக் கழற்றினேன். சொல்வதற்கு என்னிடம் ஜோக் எதுவும் இல்லை. “தப்புதான் மோசஸ். என் தெருவுல கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. அம்புட்டுதான்” என்றேன்.

மோசஸ் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “மாசம் பன்னெண்டுதேன். பசுமலைக்குன்னு ஒரு மாசம் உருவாக்க முடியாது. ஒண்ணு செய்ங்க. எந்த மாசம் எந்த ஊரு குறையுதோ, அந்தக் குறை பசுமலைக்கு. இந்த வாரமே ஆரம்பிங்க. முத மூட்டை உங்க வீட்ல இருந்து வரணும்.”

6. சொந்தத் தெரு

வீட்டில் சொன்னேன். என் மனைவி கிரேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“மேலூர், உசிலம்பட்டின்னு ஊரெல்லாம் வாங்கத் தெரிஞ்ச மனுசனுக்கு நம்ம வீட்டு வாசப்படி தெரியலையாக்கும்?” என்று கேட்டுவிட்டு, பொங்கலுக்கு வாங்கிய மூட்டையில் மீதி இருந்ததை அப்படியே எடுத்துத் தந்தாள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் கோதுமை உப்புமா. அதுவும் ஒரு தண்டனைதான்.

அடுத்த இரண்டு நாள் பசுமலைத் தெருக்களில் கதவு தட்டினேன். “இடம் நம்ம ஊர்லதான குடுத்திருக்கோம், அரிசி வேறயா?” என்றார்கள் சிலர். நான் எட்டு மாதம் கைவசம் வைத்திருந்த அதே நியாயம். அடுத்தவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது எவ்வளவு கேவலம் என்று தெரிகிறது. ஆனால் விளக்கிச் சொன்ன பிறகு பெரும்பாலானோர் கொடுத்தார்கள். “இத்தன நாளா ஏன் கேக்கல?” என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். அவர் என் பக்கத்து பெஞ்சுக்காரர்.

சனிக்கிழமை சாயங்காலம் மூட்டைகள் வந்து இறங்கின. ரோஸ்லி அக்கா படியை டிரம்முக்குள் விட்டார். சத்தம் வரவில்லை. மோசஸும் வந்திருந்தார், மூட்டையைப் பார்க்க அல்ல, சுவரைப் பார்க்க.

“எல்லாஞ் சரி. வெள்ளை அப்படியே இருக்கே?”

“க்ரேயான்ல வேற நிறம் இல்லப்பா. கடையும் பூட்டிட்டான்.”

ரோஸ்லி அக்கா உள்ளே போய் மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு வந்தார். “இந்தாங்க, பூசுங்க. ரெண்டு வெரலு அகல ஊருக்கு இம்புட்டுப் பஞ்சாயத்து!” பூசினேன். மோசஸ் அதைப் போனில் படம் பிடித்துத் திருமங்கலத்துக்கு அனுப்பினார். திங்கள் காலை அவர்கள் வண்டி வாசலில் நின்றது.

வருஷம் முடிந்தது. கமிட்டி இல்லத்தை மூடவில்லை. பாட்டிகளில் ஒருவர் பிற்பாடு அதே கட்டிலில் இறந்துபோனார். மற்றவர் இப்போதும் ஃபேனை இறந்தவருக்குப் பிடித்த வேகத்திலேயே வைத்திருக்கிறார்.

சபையிலோ சங்கத்திலோ அலுவலகத்திலோ பாரத்தைப் பங்கிடும் வேலை உங்களுக்கு வந்தால், முதல் க்ரேயானை உங்கள் நாற்காலி இருக்கும் இடத்தில் தீட்டுங்கள். கடைசியில் தீட்டிக்கொள்ளலாம் என்று வைத்தால் நிறம் தீர்ந்துபோகும். எனக்குத் தெரிந்த நிர்வாகம் இவ்வளவுதான்.

இன்னொன்று. மஞ்சள் நிற்காது. சுவரில் வெயில் பட்டு வருஷத்துக்குள் வெளுத்துவிடும், மறுபடி பூச வேண்டும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், முழங்காலும் ஓய்வு பெற்றுவிட்டது. இருந்தாலும் ஒவ்வொரு பிப்ரவரியும் மோசஸ் போன் போடுகிறார்.

“அண்ணே, பசுமலை வெள்ளையாத் தெரியுது.”

“வாரேன்பா” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிறேன்.